கண்ணாடியும் வெளிச்சமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய புலவர் பெருமக்கள் இலக்கியச் சுவையை அள்ளி வழங்கினார்கள். அத்தகைய கல்வி எனக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆயினும், “நம் மண்டபத்தில் நடக்கவிருக்கும் கட்டட வேலையைப் பற்றி உறுப்பினர்களுக்குப் பயன்படும்படி ஏதேனும் பேசுங்கள்” என்று செயலாளர் ஐயா பணித்தமையால் துணிந்து நிற்கிறேன். இம்மும்பை மாநகரில் இருபது ஆண்டுகளாக வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நான் அண்ணாந்து பார்த்துப் பழகிய பொருள் ஒன்று உண்டு. அதுவே கட்டடங்களுக்கு அழகு செய்யும் கண்ணாடி. அதனைக் குறித்துக் கண்டதையும் படித்ததையும் கேட்டதையும் சொல்ல விரும்புகிறேன்.

காரணம் இல்லாமல் இந்தப் பொருளை எடுத்துக்கொள்ளவில்லை. நாம் கூடியிருக்கும் இம்மண்டபம் ஒரு பழைய பங்களா. இதன் வாயில்களுக்கு மேலே, கிழக்கே மூன்றும் மேற்கே மூன்றுமாக ஆறு அரைவட்டச் சாளரங்கள் இருக்கின்றன. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் ஆகிய நிறக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால் இணைத்துச் செய்தவை அவை. கட்டடக் குழுவினர் நமக்குக் காட்டியிருக்கும் திட்டத்தில், மேற்குச் சுவரை எடுத்துவிட்டு முழுவதும் நீலக் கண்ணாடியால் முகப்பு அமைப்பது என்றும், உள்ளே தாழ்வாக ஒரு பொய்க்கூரை போடுவது என்றும் இருக்கிறது. அப்படிச் செய்தால் மேற்கிலுள்ள மூன்றும் கழற்றப்படும். கிழக்கிலுள்ள மூன்றும் கூரைக்கு மேலே மறைந்துபோகும். குழுவினர் நல்லெண்ணத்தோடுதான் திட்டம் வகுத்திருக்கிறார்கள். மண்டபம் புதுப்பொலிவு பெறவேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. அடுத்த பொதுக்குழுவில் கை தூக்குமுன் கண்ணாடியின் இயல்பை நாம் அறிந்திருத்தல் நலம் என்பதே என் விண்ணப்பம்.

தமிழில் ‘கண்ணாடி’ என்ற ஒரே சொல்லை முகம் பார்க்கும் பொருளுக்கும், மூக்கில் மாட்டும் பொருளுக்கும், சாளரத்தில் பொருத்தும் பொருளுக்கும் வழங்குகிறோம். மூன்றுக்கும் பொதுவானது யாது? மூன்றும் வெளிச்சத்தை வைத்துப் பிழைப்பவை. வெளிச்சம் இல்லாத இடத்தில் கண்ணாடிக்கு வேலை இல்லை. ஆகவே, அழகுக் கண்ணாடி என்பது கடையில் வாங்கும்போது பாதிப் பொருளே. மற்றப் பாதி, அதற்குப் பின்னாலோ முன்னாலோ நிற்கும் வெளிச்சம். இந்த உண்மையை மறந்தால் பணமும் போகும், அழகும் போகும்.

எங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். கைகாட்டி மரத்தில் முன்னாளில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். கை ஏறி இறங்கும்போது அதனோடு பிணைத்த சிவப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் விளக்கின் முன்னே மாறி மாறி வந்து நிற்கும். அந்தப் பச்சைக் கண்ணாடியைக் கழற்றிப் பகலில் கையில் பிடித்துப் பார்த்தால் அது பச்சையாக இராது. நீலம் கலந்து மயிற்கழுத்து நிறமாக இருக்கும். புதிதாகப் பார்ப்பவர், ‘கண்ணாடி மாறிவிட்டதோ!’ என்று ஐயுறுவர். மாறவில்லை. மண்ணெண்ணெய்ச் சுடரில் மஞ்சள் மிகுதி. அம்மஞ்சள் ஒளி நீலங்கலந்த கண்ணாடியின் ஊடே வரும்போதுதான் தொலைவில் வரும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெளிந்த பச்சையாகத் தோன்றும். விளக்கை முதலில் எண்ணிக் கண்ணாடியைப் பின்னர் தேர்ந்த அறிவு அது. பல உயிர்களின் பாதுகாப்பு அந்தத் தேர்வில் இருந்தது. வீடு கட்டுவோர்க்கும் மண்டபம் கட்டுவோர்க்கும் இதுவே பாடம்: வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணாடியை வாங்கு.

கட்டடத்தில் கண்ணாடி செய்யும் அலங்கார வேலை மூன்று வகைப்படும். ஒளியை நிறம் மாற்றி உள்ளே விடுவது ஒன்று. ஒளியைத் திருப்பி அனுப்புவது மற்றொன்று. ஒளியைச் சிதறவிட்டு மென்மையாகப் பரப்புவது மூன்றாவது. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, நிறக் கண்ணாடிச் சாளரம். இந்தக் கலை ஐரோப்பிய தேவாலயங்களில் வளர்ந்தது. கண்ணாடியின் மூலப்பொருள் மணல். மணல் மட்டும் உருகவேண்டுமானால் ஏறத்தாழ 1,700 டிகிரி வெப்பம் வேண்டும். சோடா உப்புச் சேர்த்தால் அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும். சுண்ணாம்பு சேர்த்தால் தண்ணீருக்குக் கரையாமல் நிலைக்கும். உருகிய குழம்பில் கோபால்ட் சிறிது சேர்த்தால் நீலம். இரும்பு சேர்த்தால் பச்சை. மாங்கனீஸ் சேர்த்தால் ஊதா. செம்போ பொன்னோ தக்க முறையில் சேர்த்தால் சிவப்பு. நிறம் மேலே பூசப்பட்டதன்று, உடம்பெல்லாம் ஊறியது. அதனால்தான் நூறு ஆண்டு வெயிலிலும் அது வெளுப்பதில்லை.

சிவப்புக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. செம்பு சேர்த்த சிவப்பை முழுக் கனத்துக்கும் செய்தால் ஒளி புகாமல் கறுத்துத் தோன்றும். ஆகவே வெள்ளைக் கண்ணாடியின் மேல் சிவப்பை ஒரு மெல்லிய படலமாக ஏற்றுவார்கள். அப்படலத்தை அமிலத்தால் வேண்டிய இடத்தில் அரித்துவிட்டால், சிவப்பின் நடுவே வெள்ளைப் பூவோ நட்சத்திரமோ பூத்து நிற்கும். நம் மண்டபத்தின் கிழக்குச் சாளரங்களில் சிவப்புத் துண்டுகளின் நடுவே வெள்ளை நட்சத்திரங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை வண்ணம் தீட்டியவை அல்ல. இவ்வாறு அரித்துச் செய்தவை. சென்ற ஆண்டு கண்ணாடி ஒன்று தளர்ந்து விழுந்தபோது அதன் விளிம்பைப் பார்த்தேன். வெள்ளைக் கனத்தின் மேல் சிவப்பு ஒரு கோடாக இருந்தது.

நிறத் துண்டுகளை வரைபடத்துக்கு ஏற்ப வெட்டுவார்கள். முகம், ஆடை மடிப்பு, இலை நரம்பு முதலிய கோடுகளை, கண்ணாடித் தூளும் உலோக ஆக்ஸைடும் கலந்த மையால் எழுதிச் சூளையில் சுடுவார்கள். எழுத்து கண்ணாடியோடு உருகி ஒன்றிவிடும். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு வித்தை ஐரோப்பாவில் பரவியது. வெள்ளி கலந்த ஒரு பூச்சைக் கண்ணாடியின் பின்புறம் தடவிச் சுட்டால், அவ்விடம் எலுமிச்சை நிறத்திலிருந்து பொன்னிறம் வரை மஞ்சள் பிடிக்கும். ஒரே துண்டில் வெள்ளை முகமும் பொன் முடியும் காட்ட முடிந்தது இதனால்தான். பிறகு, துண்டுகளை ஈயப் பட்டைகளில் செருகுவார்கள். ஈயப் பட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில ‘எச்’ எழுத்தைப் படுக்க வைத்தது போல் இருக்கும். இருபுறப் பள்ளத்திலும் கண்ணாடி அமரும். மூட்டுகளைப் பற்றாசு வைத்து ஊதி, சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்கை இடுக்குகளில் அடைத்தால் மழைநீர் புகாது.

இந்தக் கலையின் சிறந்த சான்று நம் கண்முன்னே இருக்கிறது. எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வரைந்த திட்டப்படி 1878-இல் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் கட்டி முடித்த நிலையம் அது. விக்டோரியா டெர்மினஸ் என்று பெயர் பெற்றிருந்து, 1996-இல் சத்திரபதி சிவாஜி டெர்மினஸ் ஆயிற்று. 2017-இல் ‘மகாராஜ்’ என்ற சொல்லும் சேர்ந்தது. 2004-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அதன் நடுக் குவிமாடத்தின் கீழே சுற்றிலும் நிறக் கண்ணாடிகள் உள்ளன. அவற்றில் என்ன வரைந்திருக்கிறார்கள் தெரியுமா? கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வேயின் சின்னம், இலையும் கொடியும், அவற்றோடு நீராவி எஞ்சின்! தேவாலயத்தில் அடியார்களை வரைந்த கலையைக் கொண்டு இங்கே எஞ்சினை வரைந்தார்கள். நிலக்கரிப் புகையில் வெந்த ஒரு தொழிலுக்கு அவ்வளவு உயரத்தில் இடம் கொடுத்தார்களே என்று எண்ணும்போதெல்லாம், இரயில்வே ஊழியன் என்ற முறையில் எனக்கு ஒரு நிமிர்வு உண்டாகும்.

சிறிது தொலைவு தெற்கே நடந்தால் மும்பைப் பல்கலைக்கழகம். லண்டனில் இருந்தபடியே ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வரைந்து அனுப்பிய கட்டடங்கள் அங்கே உள்ளன. பட்டமளிப்பு மண்டபத்தில் சக்கரம் போன்ற ஒரு பெரிய வட்டச் சாளரம் இருக்கிறது. அதில் மேஷம் முதல் மீனம் வரை பன்னிரண்டு இராசிகளும் நிறக் கண்ணாடியில் அமைந்துள்ளன. அருகே 1878-இல் முடிந்த இராஜாபாய் கோபுரமும் நூலகமும். பிரேம்சந்த் இராய்சந்த் என்னும் வணிகர் தம் அன்னையின் பெயர் நிலைக்கும்படி பொருள் கொடுத்துக் கட்டியது அக்கோபுரம். நூலகத்தின் நிறக் கண்ணாடிகள் நாளடைவில் அழுக்கேறி நலிந்தன. அவற்றைத் தூக்கி எறியவில்லை. கட்டடத்தோடு சேர்த்துச் சீர்செய்தார்கள். அந்தத் திருப்பணி 2015-இல் நிறைவேறியது. கல்கத்தாவில் தூய பவுல் பேராலயத்தின் மேற்குச் சாளரமும் புகழ் பெற்றது. 1872-இல் அந்தமானில் கொல்லப்பட்ட வைசிராய் மேயோ பிரபுவின் நினைவாக, பர்ன்-ஜோன்ஸ் என்னும் ஓவியர் வரைந்து 1880-இல் அமைத்தது அது.

இரண்டாவது வகைக்கு இராஜஸ்தானம் போகவேண்டும். ஜெய்ப்பூருக்கு அருகில் ஆமேர் கோட்டையில் 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த கண்ணாடி மாளிகை இருக்கிறது. ஷீஷ் மகால் என்பார்கள். அங்கே சாளரத்தில் அன்று, சுவரிலும் கூரையிலும் சாந்தில் பதித்த சிறுசிறு ஆடித் துண்டுகள். பல துண்டுகள் சற்றே புடைத்தவை. தட்டையான ஆடி ஒரு திசையில் மட்டும் ஒளியைத் திருப்பும். புடைத்த ஆடி எல்லாப் பக்கமும் சிதறும். அதனால் ஒரே ஒரு தீபத்தை ஏந்தி நின்றாலும் கூரையெங்கும் விண்மீன் பூத்தது போலாகும். உதயப்பூர் அரண்மனையின் மயில் முற்றத்தில், 19-ஆம் நூற்றாண்டில் நிறக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துத் தோகை மயில்களைச் சுவரில் எழுப்பியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஐரோப்பாவின் வடபுலத்தில் வெயில் மெலிந்தது. ஆகவே பெரிய பெரிய சாளரங்களை வைத்துக் கிடைத்த வெளிச்சத்தையெல்லாம் நிறமாக்கி உள்ளே அழைத்தார்கள். இராஜஸ்தானத்தில் வெயில் கொடியது. ஆகவே கனத்த சுவரால் அதனைத் தடுத்து, உள்ளே வரும் கொஞ்ச ஒளியையும் விளக்கொளியையும் ஆடியால் பெருக்கினார்கள். இருவரும் கண்ணாடியையே கையாண்டார்கள். தத்தம் வானத்தைப் பார்த்துக் கையாண்டதால் வழிகள் வேறாயின.

மூன்றாவது வகை நம் வீடுகளிலேயே உள்ளது. மணலை வேகமாகப் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கியது, அமிலத்தால் மங்கலாக்கியது, உருளும் அச்சில் பூவும் கட்டமும் பதித்தது எனப் பலவாறு வரும். குளியலறைச் சாளரத்திலும் அலுவலகத் தடுப்புகளிலும் காண்கிறோம். வெளிச்சம் வரும், உருவம் தெரியாது. விலை குறைவு. மங்கல் பரப்பில் தெளிவான கோடுகளை விட்டுக் கோலம், தாமரை, குத்துவிளக்கு முதலிய எந்த உருவத்தையும் அமைக்கலாம். ஒரு குறிப்பு மட்டும்: சொரசொரப்பான முகத்தில் தண்ணீரோ எண்ணெயோ பட்டால் அவ்விடம் தெளிந்துவிடும். ஆகவே குளியலறையில் அந்த முகம் வெளிப்பக்கமும், சமையலறையில் அடுப்புக்கு எதிர்ப்பக்கமும் இருப்பதே தக்கது.

“இவையெல்லாம் வடநாட்டாரும் வெள்ளையரும் செய்தவை, தமிழருக்கும் கண்ணாடிக்கும் என்ன உறவு?” என்று இளைஞர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து பார்த்தார். கடல் கடந்த வாணிகத்தின் தடயங்கள் அங்கே கிடைத்தன. கண்ணாடி மணி செய்த இடம் அது என்பதும் உறுதியாயிற்று. உருகிய கண்ணாடியை உள்ளே துளையுள்ள நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்கி மணியாக்கினார்கள். அம்முறையில் செய்த மணிகள் தென்கிழக்காசிய நாடுகளிலும் கிடைக்கின்றன. ஆகவே நிறக் கண்ணாடி நமக்குப் புதியதன்று. நாம் அதனைக் கழுத்தில் அணிந்தோம், சாளரத்தில் அணியவில்லை.

சாளரத்தில் அணிந்த காலமும் பின்னர் வந்தது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்கள் இம்மன்றத்தில் பலர் இருப்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கடல் கடந்து பொருளீட்டிய நகரத்தார், பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் கொண்டுவந்து தங்கள் ஊர்களில் வீடு கட்டினார்கள். நிலைக்கு மேலேயும் சாளரத்தின் தலைப்பிலும் சிறிய அளவில் நிறக் கண்ணாடி வைத்தார்கள். சுவர் முழுவதும் வைக்கவில்லை. கனத்த சுவர், உள்முற்றம், ஆங்காங்கே நிற வெளிச்சம். வெளிநாட்டுப் பொருளை வாங்கினாலும் தங்கள் ஊர் வெயிலை மறக்கவில்லை. அக்கண்ணாடி பிறந்தது பெல்ஜியத்தில். ஆனால் இன்று அதனை அந்நியப் பொருள் என்று யாரும் சொல்வதில்லை. வந்த இடத்தின் வெயிலுக்கும் வாழ்வுக்கும் பொருந்தி நின்றதால் அந்த வீட்டுப் பொருளே ஆகிவிட்டது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, புதுக் கண்ணாடியைப் பற்றி. அதனை நான் குறைத்துப் பேச வரவில்லை. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டு, மெருகு வேண்டாத சமதளமாக எடுக்கும் முறையை இங்கிலாந்தில் அலஸ்டேர் பில்கிங்டன் கண்டார். 1959-இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்த முறையில் கண்ணாடி செய்யும் பெரிய ஆலை ஒன்று நம் ஸ்ரீபெரும்புதூரிலும் 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்த டஃபன்டு கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைப் போல் நான்கைந்து மடங்கு வலிமை உடையது; உடைந்தால் கத்தி போல் சிதறாமல் மழுங்கிய சிறு கற்களாக உதிரும். இரண்டு தகட்டின் நடுவே பிசின் போன்ற ஏடு வைத்து ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் ஏட்டோடு ஒட்டி நிற்கும். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் கதவுக்கும் படிக்கட்டு ஓரத்துக்கும் இவையே ஏற்றவை. டஃபன்டு கண்ணாடியை வாங்கிய பிறகு வெட்டவோ துளையிடவோ இயலாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும். அளவு முன்னமே சரியாக இருத்தல் அவசியம்.

ஆனால் மேற்குச் சுவர் முழுவதையும் கண்ணாடியாக்குவது வேறு செய்தி. சாதாரணத் தெளிந்த கண்ணாடி தன்மேல் படும் வெயிலின் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உள்ளே விட்டுவிடும். உள்ளே வந்த வெயில் தரையையும் நாற்காலியையும் சூடாக்கும். சூடேறிய பொருள் வெளியிடும் வெப்ப அலையைக் கண்ணாடி வெளியே விடாது. வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டியின் கதவைத் திறந்தவர் அனைவரும் இதனை அறிவர். நம் கூட்டங்கள் மாலை நான்கு மணிக்குத் தொடங்குகின்றன. அந்நேரம் சூரியன் நேரே மேற்கு முகப்பில் நிற்பான்.

“அதற்காகத்தான் ஆடி போல் பளபளக்கும் பூச்சுள்ள நீலக் கண்ணாடி” என்று கட்டடக் குழு அன்பர்கள் கூறுகிறார்கள். அது வெப்பத்தை ஓரளவு திருப்பும்; மெய்தான். ஆனால் திருப்பிய வெயில் எங்கே போகும்? எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸ்களின் சாளரங்களுக்கே போகும். மற்றொன்றும் உண்டு. இத்தகைய கண்ணாடி எந்தப் பக்கம் வெளிச்சம் மிகுதியோ அந்தப் பக்கத்தாருக்கு ஆடியாகவும், இருட்டில் நிற்பவருக்குச் சாளரமாகவும் இருக்கும். பகலில் வீதியில் போவோர் தம் முகத்தையே காண்பர். இரவில், நம் மண்டபத்தில் விளக்கெரியும்போது, உள்ளே நடப்பதெல்லாம் வீதிக்குத் தெரியும். நம் பெண்கள் நடனத்துக்கு அலங்காரம் செய்துகொள்வது மேற்கு ஓரத்து அறையில்தான். மறைவுக்காக வைத்த கண்ணாடி, மறைவு வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிடும். கண்ணாடியை மட்டும் பார்த்து, விளக்கு எந்தப் பக்கம் என்று பாராமல் விட்டால் நேர்வது இதுதான்.

இனி நம் ஆறு சாளரங்களின் நிலையைச் சொல்கிறேன். தச்சர் ஒருவருடன் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஈயம் பல இடங்களில் தளர்ந்து, இரண்டு சாளரங்கள் வயிறு தள்ளினாற்போல் உட்புறம் புடைத்திருக்கின்றன. மக்கு காய்ந்து உதிர்ந்ததால் மழைநீர் கசிகிறது. உடைந்த சில இடங்களில் எப்போதோ ஒட்டுப்பலகை அடித்திருக்கிறார்கள். சில இடங்களில் வெள்ளைக் கண்ணாடியில் வண்ணம் பூசி வைத்திருக்கிறார்கள், அவ்வண்ணம் உரிந்துவிட்டது. ஆனால் பழைய நிறத் துண்டுகளில் பெரும்பாலானவை பழுதின்றி உள்ளன. கண்ணாடி நாளடைவில் உருகி வழியும், ஆகவே பழைய கண்ணாடி அடியில் தடித்துவிடும் என்று சிலர் சொல்வது ஆதாரமற்றது. அக்காலத்துத் தகடுகள் செய்யும்போதே ஏறுமாறாக இருந்தன, அவ்வளவே. கிழடுதட்டுவது கண்ணாடியன்று, ஈயமும் மக்கும்.

ஈயம் புதுப்பிக்கத்தக்கது. ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு ஒரு முறை ஈயத்தை மாற்றுவது இக்கலையில் இயல்பான பராமரிப்பு. பிரான்சு நாட்டில் சார்த்ரு பேராலயத்தின் சாளரங்கள் பெரும்பாலும் 12, 13-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. முதல் உலகப் போரில் 1918-இலும், இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939-இலும் அவற்றைக் கழற்றிப் பாதுகாப்பாக வைத்திருந்து மீண்டும் பொருத்தினார்கள். அத்தனை பெரிய சாளரங்களைக் கழற்றி மாட்ட முடிந்ததென்றால், நம் ஆறு அரைவட்டங்களைச் செப்பனிட முடியாதா?

செலவு ஆகும், மறைக்கவில்லை. ஈய வேலை தெரிந்தவர்கள் மிகச் சிலரே. வேலையும் மெல்லத்தான் நடக்கும். ஆறையும் ஒரே ஆண்டில் செய்ய நம் நிதி இடங்கொடாது. ஆனால் ஆறையும் எடுத்தெறிந்து கண்ணாடி முகப்பும் பொய்க்கூரையும் போடுவதற்கு ஆகும் செலவையும், பின்னர் குளிர்சாதனத்துக்கு மாதந்தோறும் கட்டவேண்டிய மின்கட்டணத்தையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். கணக்கு எழுதிப் பிழைப்பவன் ஆகையால் இதை வற்புறுத்துகிறேன்.

செலவைக் கடந்த ஒன்றும் இருக்கிறது. ஞாயிறு காலையில் இங்கே நம் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. ஒன்பது மணி அளவில் கிழக்குச் சாளரங்களின் நிறங்கள் தரையில் விழும். சிவப்பு விழுந்த இடம் யாருக்கு, நீலம் விழுந்த இடம் யாருக்கு என்று பிள்ளைகள் முந்திச் சென்று உட்காருவதை ஆசிரியை அம்மையார் பலமுறை என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். வீட்டில் தமிழ் பேசத் தயங்கும் பிள்ளையும் அந்த இடத்துக்காகச் சீக்கிரம் வருகிறது. பொய்க்கூரைக்குக் கீழே குழல்விளக்கு வெளிச்சத்திலும் அகரம் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் பிள்ளைகள் ஓடிவந்து இடம் பிடிப்பார்களா என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, பொதுக்குழுவின் முன் நான்கு யோசனைகளைப் பணிவோடு வைக்கிறேன்.

முதலாவது: கிழக்குச் சாளரங்கள் மூன்றையும் மறைக்காதபடி பொய்க்கூரையை உயர்த்தவோ கைவிடவோ வேண்டும்.

இரண்டாவது: ஆண்டுக்கு இரண்டு சாளரங்கள் வீதம் மூன்று ஆண்டுகளில் ஆறையும் ஈயம் மாற்றிச் செப்பனிட வேண்டும். கழற்றுமுன் ஒவ்வொன்றையும் படமெடுத்து, துண்டுகளுக்கு எண் இடவேண்டும். பழைய ஈயத்தைக் குழந்தைகள் தொடாதவாறு அப்புறப்படுத்த வேண்டும். ஈயம் உடலுக்குத் தீங்கானது.

மூன்றாவது: மேற்குச் சுவர் சுவராகவே இருக்கட்டும். முகப்புக்குப் பொலிவு வேண்டுமெனில், வாயிற்கதவுகளை டஃபன்டு கண்ணாடியில் அமைத்து, மங்கல் பரப்பில் நம் பெண்மணிகள் போடும் கோலம் ஒன்றை அழகாக விடலாம். மேற்கே மழையில் நனையும் நிறச் சாளரங்களுக்கு வெளிப்புறமாகத் தெளிந்த கண்ணாடி ஒன்றைக் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டு வைத்தால், மழையும் கடற்காற்றும் அவற்றைத் தாக்கா.

நான்காவது, செலவில்லாதது: இனி யாரும் அச்சாளரங்களைச் சோப்பு, அமிலம், உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டாம், நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும். விழா நாளில் நிற ஒட்டுத்தாள்களும் ஒட்டவேண்டாம். கருநிறத் தாள் ஒட்டிய கண்ணாடி வெயிலில் மிகுதியாகச் சூடேறும். நடுவில் சூடும் சட்டத்துக்குள் இருக்கும் விளிம்பில் குளிர்ச்சியுமாக இருந்து தானே வெடிக்கவும் கூடும். வீடுகளில் சாளரத்துக்குத் தாள் ஒட்டுவோரும் இதனைக் கருத்தில் கொள்க.

இவற்றை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. பொதுக்குழு எம்முடிவு செய்தாலும் அதற்குக் கட்டுப்பட்டு என்னால் இயன்ற உடலுழைப்பைத் தருவேன். ஆனால் முடிவு செய்யுமுன், வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒவ்வொருவரும் ஒரு முறை இங்கே வந்து, தரையில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டடக் குழுத் தலைவர் ஐயாவும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஏணியை நான் கொண்டுவருகிறேன்.